உத்திரத்தின் மேல் படிந்த சர்க்கரை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா ஆற்றின் கரையில் போர்ட் வென்ட்வொர்த் என்ற சிற்றூர் இருக்கிறது. 1917 முதல் அங்கே ஒரு சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்திறங்கும் கச்சாச் சர்க்கரையைச் சுத்திகரித்து, உலர்த்தி, பையிலும் பெட்டியிலும் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. பிற்காலத்தில் அதை நடத்தியது இம்பீரியல் சுகர் என்ற நிறுவனம். 2008 பிப்ரவரி 7ஆம் தேதி இரவு ஏழேகால் மணிக்கு, ஆலையின் நடுவே நின்ற மூன்று சேமிப்புக் கோபுரங்களுக்கு அடியில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. அது அங்கேயே முடியவில்லை. கோபுரங்களைச் சுற்றியிருந்த நான்கு மாடிப் பேக்கிங் கட்டடங்களுக்குள் புகுந்து, மாடி மாடியாக, அறை அறையாக வெடித்துக்கொண்டே போனது. கான்கிரீட் தளங்கள் மேல்நோக்கிப் பெயர்ந்தன. தீயணைப்புக் குழாய்கள் முறிந்தன. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டுப் பேர் ஆலையிலேயே மாண்டார்கள். ஆறு பேர் தீக்காய மருத்துவமனையில் போராடிப் பின்னர் இறந்தார்கள். மேலும் 36 பேர் காயமடைந்தார்கள். கோபுரங்களுக்குள் எரிந்த சர்க்கரையை அணைத்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அந்தக் கட்டடங்களை வெடிக்கச் செய்த எரிபொருள் முழுவதும் சர்க்கரைதான். எரிவாயு கசியவில்லை, கொதிகலன் வெடிக்கவில்லை, யாரும் வெடிமருந்து வைக்கவில்லை. இயந்திரங்களின் தலையிலும் குழாய்களின் முதுகிலும் உத்திரங்களின் மேலும் பல காலமாகப் படிந்திருந்த வெள்ளைத் தூசி அது.

தொழிற்சாலைப் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண்ணில் தலைக்கவசமும் கையுறையும் "பாதுகாப்பே முதன்மை" என்ற பலகையும் வந்து நிற்கின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் ஓர் ஆலை பாதுகாப்பானதா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால், அங்கே யார் கூட்டுகிறார்கள், எதைக் கொண்டு கூட்டுகிறார்கள், எந்த உயரம் வரை கூட்டுகிறார்கள் என்றுதான் கேட்பேன். இப்படிக் கேட்பதற்கு இயற்பியலில் வலுவான காரணம் இருக்கிறது.

முழு விறகுக் கட்டையில் தீக்குச்சியை வைத்தால் பற்றாது. அதையே சுள்ளியாகச் சீவினால் பற்றும், இழைத்த சீவலாக இருந்தால் குப்பென்று எரியும். மரம் ஒன்றே, காற்று தொடும் பரப்புத்தான் மாறுகிறது. இந்தக் கணக்கைச் சர்க்கரைக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பக்கமுள்ள துகள்களாக நொறுக்கினால் நூறு கோடித் துகள்கள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர், அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு கிராம் சர்க்கரையில் ஏறத்தாழ நான்கு கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது என்பது உணவுப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். நம் உடல் மணிக்கணக்கில் மெல்ல எரிக்கிற அந்த ஆற்றலை, காற்றில் மிதக்கும் நுண்தூள் நொடியின் சிறு பகுதிக்குள் வெளிவிட்டுவிடும்.

எரிவதற்கு எரிபொருள், ஆக்சிஜன், பொறி ஆகிய மூன்றும் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். தூசி வெடிப்பதற்கு இன்னும் இரண்டு வேண்டும். தூசி காற்றில் மேகமாகப் பரவியிருக்க வேண்டும். அந்த மேகம் ஏதாவது ஓர் அடைப்புக்குள் இருக்க வேண்டும். திறந்தவெளியில் பரவிய தூள் எரிந்தால் நெருப்புப் பந்து எழும். அதுவும் கொல்லும். 2015 ஜூனில் தைவானின் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் இளைஞர்கள் மேல் தூவிய வண்ணச் சோளமாவு பற்றிக்கொண்டு 15 பேரின் உயிரைக் குடித்தது. அதே மேகம் சுவர்களுக்குள் எரிந்தால் சூடான வாயுவுக்கு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். மூடிய கலத்தில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏழெட்டு மடங்கு வரை போகக்கூடும். சாதாரணச் செங்கல் சுவர் அதில் பத்தில் ஒரு பங்குக்கே சரிந்துவிடும்.

சர்க்கரைக்கு மட்டும் உரிய குணம் இது என்று எண்ண வேண்டாம். கோதுமை மாவு, சோள மாவு, மரவள்ளி ஸ்டார்ச், மஞ்சள் தூள், பால் பவுடர், தேயிலைத் தூசி, மரத்தூள், பிளாஸ்டிக் பொடி, மாத்திரைக்கான மருந்துப் பொடி, கந்தகம், நிலக்கரி, அலுமினியம் எல்லாம் இந்த வரிசையில் உண்டு. கல்தூள், சிமென்ட், உப்பு போல ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுக்க வினைபுரிந்து முடிந்த பொருள்களும் எரியாத உப்புகளும் தவிர, தூளாகக்கூடிய பெரும்பாலானவை வெடிக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இது அறிவியலுக்குப் புதிதாகத் தெரிய வந்த உண்மையும் இல்லை. 1785 டிசம்பர் 14ஆம் தேதி இத்தாலியின் தூரின் நகரில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கு வெடித்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பையன் மாவைக் கிளறித் தள்ளிக்கொண்டிருந்தபோது, மாவு சரிந்து மேகமாக எழுந்து தீப்பற்றியது. மொரோஸ்ஸோ என்ற பிரபு நேரில் போய் விசாரித்து, அந்த ஊர் அறிவியல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு வானிலை வறண்டிருந்ததையும் மாவு வழக்கத்தைவிடக் காய்ந்திருந்ததையும்கூட அவர் குறித்து வைத்தார். 1844-இல் இங்கிலாந்தின் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் 95 பேர் இறந்தபோது, அரசு விசாரிக்க அனுப்பியவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே, இன்னொருவர் நிலவியலாளர் சார்லஸ் லயல். வாயு மட்டும் எரியவில்லை, சுரங்கத்தில் கிடந்த கரித்தூசியும் சேர்ந்து எரிந்தது என்று அவர்கள் எழுதினார்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த விஞ்ஞானி சொன்னதையே சுரங்க முதலாளிகள் காதில் வாங்கவில்லை. 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்ட பிறகுதான் கரித்தூசியைப் பற்றி உலகம் விழித்தது. இன்று நிலக்கரிச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் தூளைத் தரையிலும் சுவரிலும் வேண்டுமென்றே தூவுகிறார்கள். கரித்தூசியோடு கலந்து எழும் அந்தக் கல்தூள் வெப்பத்தை விழுங்கித் தீயைத் தடுத்துவிடும். சர்க்கரை ஆலையிலும் மாவு மில்லிலும் இந்த உபாயம் நடக்காது. உணவில் யாரும் கல்தூள் கலக்க முடியாது. அங்கே இருக்கும் வழி தூசியை அப்புறப்படுத்துவது ஒன்றுதான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். சர்க்கரைத் தூசி வெடிக்க ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 50 முதல் 100 கிராம் வரை மிதக்க வேண்டும். துகளின் நுண்மையைப் பொறுத்து அளவு சற்று மாறும். இது எவ்வளவு அடர்த்தி தெரியுமா? இதைவிடக் கொஞ்சம் குறைவான தூசி மேகத்திலேயே, இரண்டு மீட்டர் தள்ளி எரியும் 25 வாட் பல்பு கண்ணுக்குத் தெரியாது. மூச்சுவிட முடியாது. அப்படிப்பட்ட காற்றில் எந்த மனிதரும் நின்று வேலை செய்ய மாட்டார். ஆகவே மனிதர்கள் நடமாடும் கூடத்தில் வெடிப்பு தொடங்குவது அரிது. அது இயந்திரத்தின் வயிற்றுக்குள் தொடங்கும். அரவை இயந்திரம், வாளி ஏற்றி, தூசி உறிஞ்சும் கலம், மூடிய கன்வேயர் ஆகியவற்றின் உள்ளேதான் அந்த அடர்த்தி அன்றாடம் இருக்கும். முதல் வெடிப்பு பெரும்பாலும் சிறியது. ஒரு மூடி பறக்கும், ஒரு குழாய் கிழியும்.

பேரழிவைச் செய்வது இரண்டாவது வெடிப்பு. முதல் வெடிப்பின் காற்றலை கூடத்துக்குள் பாய்ந்து, உத்திரத்திலும் மின்கம்பித் தட்டிலும் குழாய் மேலும் படிந்து கிடக்கும் தூசியை ஒரே உலுக்கில் எழுப்பிவிடும். அதன் பின்னாலேயே நெருப்பு வரும். அறையே வெடிகலமாகிவிடும். அது அடுத்த அறையை உலுக்கும்.

எவ்வளவு தூசி இருந்தால் இது நடக்கும்? தளர்வாகப் படிந்த மாவின் எடை கனமீட்டருக்கு 500 கிலோ என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தரையில் படிந்தால் சதுர மீட்டருக்கு அரைக்கிலோ தூசி. அறையின் உயரம் ஐந்து மீட்டர் என்றால், அந்த அரைக்கிலோ எழுந்து பரவும்போது ஒவ்வொரு கனமீட்டரிலும் 100 கிராம் மிதக்கும். ஒரே ஒரு மில்லிமீட்டர்! அதனால்தான் அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளில் 0.8 மில்லிமீட்டர் என்ற அளவு பல காலமாக எச்சரிக்கைக் கோடாக இருந்து வந்தது. காகிதத்தில் செருகும் கிளிப்பின் கம்பி ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். தரையில் போட்டிருக்கும் வண்ணக் கோட்டின் நிறம் தூசிக்கடியில் மங்கித் தெரிகிறதென்றால் எச்சரிக்கை ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள்.

உயரத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. கரடுமுரடான துகள்கள் சிந்திய இடத்திலேயே தரையில் விழும். மிக நுண்ணியவை மட்டுமே காற்றில் மிதந்து மேலே போய் உத்திரத்தில் அடையும். வேகமாக எரிவதும் அவைதாம். ஆக, கை எட்டாத உயரத்தில் இருக்கும் தூசி தரையில் கிடப்பதைவிட ஆபத்தானது. துடைப்பமோ தரையோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2003 ஜனவரியில் ஒரு மருந்துப் பொருள் ஆலை வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஊசிமருந்துக் குப்பிகளுக்கான ரப்பர் மூடிகளும் தயாரான அந்த ஆலையின் தளம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பாலிஎத்திலீன் தூசி பொய்க்கூரைக்கு மேலே படிந்திருந்தது. கீழே நின்று பார்த்த எவர் கண்ணிலும் அது படவில்லை.

மறுபடி போர்ட் வென்ட்வொர்த்துக்குப் போவோம். அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2009-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையை, ஆலை நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன். சேமிப்புக் கோபுரங்களுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதில் சர்க்கரையை வாங்கிச் செல்லும் எஃகுக் கன்வேயர் பெல்ட். பல்லாண்டுகளாக அது திறந்தே ஓடியது. தூசி எழுந்தாலும் பெரிய சுரங்கத்தின் காற்றில் கலந்து நீர்த்துப் போனது. 2007-இல், மேலிருந்து அழுக்கோ துருவோ சர்க்கரையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, பெல்ட்டைச் சுற்றி எவர்சில்வர் தகடுகளால் கூடு கட்டினார்கள். உணவின் தூய்மைக்காகச் செய்த நல்ல காரியம். ஆனால் அந்தக் கூட்டுக்குத் தூசியை உறிஞ்சும் வசதியும் வைக்கவில்லை, அழுத்தத்தை வெளியேற்றும் திறப்பும் வைக்கவில்லை. கட்டியாகிப்போன சர்க்கரை ஒரு வாயிலில் அடைத்துக்கொண்டபோது, பெல்ட்டில் வந்த சர்க்கரை வழிந்து சிதறி, கூட்டுக்குள் தூசி மேகம் அடர்ந்தது. அளவுக்கு மீறிச் சூடேறிய ஒரு பேரிங் அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

ஒரு மாற்றம் செய்யும்போது அது வேறு எதை மாற்றுகிறது என்று கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. ஆலைகளில் விபத்துகள் பழுதான பொருளால் மட்டுமல்லாமல், நல்லெண்ணத்தோடு செய்த திருத்தத்தாலும் வருவதுண்டு என்று பாதுகாப்புப் பொறியாளர்கள் எச்சரிப்பார்கள். புதிய மூடி, வேகம் கூட்டிய மோட்டார், இடம் மாற்றிய குழாய் என்று எதுவானாலும், போடுவதற்கு முன் உற்பத்தி, பராமரிப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்று பிரிவினரும் அந்த இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளியும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறை இதற்காகத்தான் வந்தது.

அறிக்கையில் என்னை அதிகம் வருத்திய பகுதி வேறு. சர்க்கரைத் தூசி வெடிக்கும் என்பது அந்த ஆலைக்குப் பல பத்தாண்டுகளாகவே தெரியும். முதல் வெடிப்பு இரண்டாவது வெடிப்பாக எப்படிப் பரவும் என்பதை விளக்கும் உள்குறிப்பு 1967-இலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பில் உள்ளபடியே ஆலை வெடித்தது. இடைப்பட்ட காலத்தில் தூசி உறிஞ்சும் குழாய்கள் சர்க்கரை அடைத்துக் கிடந்தன. தொழிலாளர்கள் கம்ப்ரசர் காற்றை ஊதித் தூசியைத் தள்ளினார்கள்; அது கீழிருந்த தூசியை மேலே ஏற்றியது. சிறு சிறு தீ அவ்வப்போது பற்றும், அணைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பெருவெடிப்புக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் ஒரு தூசி சேகரிப்பானே வெடித்தது. கூரைக்கு மேல் இருந்த அதில் அழுத்தத் திறப்பு சரியாக வேலை செய்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "தப்பித்தோம்" என்று நினைத்து நகர்ந்துவிட்டார்கள். ஆட்களை வெளியேற்றும் ஒத்திகைகூட அங்கே நடத்தப்பட்டதில்லை.

சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், பிசகு வழக்கமாகிவிடுவதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு விதி மீறப்படுகிறது, எதுவும் நடக்கவில்லை. மறுபடி மீறப்படுகிறது, அப்போதும் எதுவும் நடக்கவில்லை. நாளடைவில் மீறலே விதியாகிவிடுகிறது. தூசிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நேற்று இருந்த தூசியை விட இன்று கூடியிருப்பது ஒரு முடியின் தடிமன்கூட இராது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது மாற்றமே இல்லை. ஆலைக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் "என்ன இவ்வளவு தூசி?" என்று கேட்டால், பழையவர்கள் "இங்கே இப்படித்தான்" என்பார்கள். அந்தப் புதியவரின் கண்ணுக்கு மதிப்புக் கொடுக்கும் நிர்வாகம்தான் நல்ல நிர்வாகம்.

எண்ணிக்கைகளும் ஏமாற்றும். டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2005 மார்ச் 23-இல் வெடித்து 15 பேர் இறந்தார்கள். வழுக்கி விழுதல், கை நசுங்குதல் போன்ற காயங்களின் கணக்கை வைத்தே பாதுகாப்பு சீராக இருக்கிறது என்று அந்த நிறுவனம் நம்பியிருந்தது என்று பின்னர் ஆராய்ந்த குழு கண்டது. "விபத்தில்லாத 500 நாட்கள்" என்று வாசலில் எழுதிப் போடும் பலகை கை விரல்களைப் பற்றிச் சொல்லும். உத்திரத்தின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று சொல்லாது. போதாக்குறைக்கு, அந்தப் பலகைக்குப் பரிசுத்தொகை வைத்தால் சிறு காயங்களை மறைக்கும் பழக்கம் வந்துவிடும். பற்றியணைந்த சிறு தீக்களையும், சூடேறி நிறுத்திய பேரிங்குகளையும், தப்பித்த தருணங்களையும் எண்ணுங்கள். அவற்றைச் சொன்னவரைத் திட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பமே கிடையாது. முதலில் தூசியை இயந்திரத்தை விட்டு வெளியே வரவிடாமல் அடைக்க வேண்டும். கசியும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். தூசி சேகரிப்பானைக் கட்டடத்துக்கு வெளியே வைத்து, அழுத்தம் ஏறினால் ஆள் நடமாட்டமில்லாத பக்கமாகத் திறக்கும்படி பலகங்கள் பொருத்த வேண்டும். ஒரு கலத்தில் எழுந்த நெருப்பு குழாய் வழியே அடுத்த கலத்துக்குப் போகாமல் இடையில் தடுப்பு வால்வு வேண்டும். பேரிங்கின் வெப்பத்தை அளக்கும் கருவி, பெல்ட் விலகினால் நிறுத்தும் சுவிட்ச், இரும்புத் துண்டைப் பிடிக்கும் காந்தம், நிலைமின்சாரம் சேராமல் எல்லா உலோகப் பகுதிக்கும் எர்த் இணைப்பு ஆகியவை கோடிக்கணக்கில் செலவு வைக்கும் காரியங்கள் இல்லை. நுண்தூசி பற்ற சில பத்து மில்லிஜூல் ஆற்றலுள்ள பொறி போதும். வறண்ட நாளில் மனித உடம்பில் சேரும் நிலைமின்சாரமே ஏறக்குறைய அதை எட்டும். வெல்டிங் வேலைக்குப் பர்மிட் இல்லாமல் கைவைக்கக் கூடாது. பர்மிட் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்ட தாளாக இருக்கக் கூடாது. கையெழுத்திடுபவர் அந்த இடத்துக்குப் போய்ச் சுற்றிலும் மேலும் கீழும் பார்த்திருக்க வேண்டும். தூசியில் பற்றிய சிறு தீயின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால், அந்த வீச்சே தூசியைக் கிளப்பி வெடிக்கச் செய்துவிடும். மென்மையான தூவலாகத்தான் அடிக்க வேண்டும். இதைத் தீயணைப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்காத ஆலை எத்தனையோ இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு மீதமிருக்கும் தூசியைக் கூட்டியாக வேண்டும். கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. பொறி எழாத வகையில் செய்த வாக்குவம் இயந்திரத்தால் உறிஞ்ச வேண்டும். மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வேலைக்கு ஏணி, மேடை, நேரம், ஆள், கூலி எல்லாம் வேண்டும். உற்பத்தி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்த நேரம்தான்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்ப்ரியா என்ற ஊரில், டிடியன் மில்லிங் என்ற சோள ஆலை 2017 மே 31 இரவில் வெடித்தது. அன்றிரவு வேலையில் இருந்தவர்கள் 19 பேர். ஐந்து பேர் இறந்தார்கள், மற்ற 14 பேரும் காயமடைந்தார்கள். விசாரணையில், சுத்தம் செய்த பதிவேடுகளில் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியிருந்தது வெளிப்பட்டது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர நேர்ந்தது. மேலாளர் நிலையில் இருந்தவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். கூட்டாமல் கூட்டியதாக எழுதிய கையெழுத்துக்குச் சிறைத் தண்டனை. உலகின் எந்த ஆலையிலும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அமெரிக்காவில் மட்டும் நடப்பதில்லை இது. சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, கார் சக்கரங்களைப் பளபளப்பாக்கும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்தது. அன்றே எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; தீக்காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் 146 பேர். நம் நாட்டில், தெலங்கானாவின் பாசமைலாரத்தில், மாத்திரைகளை இறுக்கிப் பிடிக்கப் பயன்படும் செல்லுலோஸ் நுண்தூள் தயாரிக்கும் ஆலை 2025 ஜூன் 30-இல் வெடித்து நாற்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவர்களில் பலர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தமிழ்நாட்டின் தொழில் வரைபடத்தைப் பார்த்தால் தூசி இல்லாத மாவட்டம் குறைவு. சேலத்தில் மரவள்ளி ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும். ஈரோட்டில் மஞ்சள். நீலகிரியில் தேயிலை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பஞ்சாலைகளில் பறக்கும் பஞ்சுத் துகள் வெடிப்பதைவிடத் தீயாகப் பரவுவதே அதிகம். ஆனாலும் உத்திரத்தில் தொங்கும் பஞ்சு ஒரு மூலையில் பற்றிய நெருப்பை மறு மூலைக்குக் கடத்திவிடும். ஊருக்கு ஊர் மாவு மில், மரத்தூள் குவியும் பட்டறை, அலுமினிய வார்ப்படம். எங்கும் இரவு ஷிப்டில் கூட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆலையிலேயே மிகக் குறைந்த கூலி அவர்களுக்கு. பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைக்கப்படாதவர்களும் அவர்களே. அவர்களில் கணிசமானோருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எச்சரிக்கை அவர்களுக்காக எழுதப்பட்டதாகவே ஆகாது. இரண்டாவது வெடிப்பைத் தடுக்கும் கடைசி மனிதரை இப்படி நடத்துவது அநியாயம், அறிவீனமும்கூட.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 37ஆம் பிரிவு, தீப்பட்டால் வெடிக்கக்கூடிய தூசி எழும் ஆலையில் இயந்திரத்தை மூட வேண்டும், தூசியை அகற்ற வேண்டும் அல்லது சேரவிடாமல் தடுக்க வேண்டும், பொறிக்கு வழியிருக்கும் எதையும் விலக்க வேண்டும் என்று சொன்னது. அழுத்தத்தைத் தாங்காத கலத்துக்குத் தடுப்பும் திறப்பும் வைக்கச் சொன்னது. சட்டத் தொகுப்புகள் மாறலாம், பிரிவு எண்கள் மாறலாம். அந்தக் கட்டளைகளின் அறிவியல் மாறப்போவதில்லை. அமெரிக்காவில் தானியக் கிடங்குகளுக்கு 1987-இல் தனி விதி வந்தது. போர்ட் வென்ட்வொர்த்துக்குப் பிறகு எல்லாத் தொழிலுக்கும் பொதுவான தூசி விதி வேண்டும் என்று பாதுகாப்பு வாரியம் வற்புறுத்தியது. 2009-இல் அதற்கான வேலை தொடங்கி, 2017-இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. டிடியன் ஆலை வெடித்ததும் அதே ஆண்டுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு தரப்பாருக்கு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்களே, பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் ஏணி கேட்டு வாங்கி உத்திரத்தின் மேல் படிந்த தூசியை அளந்து எழுதுங்கள். ஆலை முதலாளிகளே, கூட்டும் வேலையை ஒப்பந்தப் புள்ளியில் மிகக் குறைந்த விலைக்குக் கேட்டவருக்குக் கொடுக்காதீர்கள். அந்த வேலை செய்கிறவருக்கு நியாயமான கூலியும், அவர் மொழியில் பயிற்சியும், தூசி மிஞ்சினால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் கொடுங்கள்.